அக்கா வீட்டுச் சுவரில் ஒட்டிய கண்ணாடி

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளப் பட்டியல் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இல்லை. நகராட்சியில் கட்டட ஆய்வாளராகச் சேர்ந்த புதிதிலேயே யாரோ ‘விரிசல் சார்’ என்று கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சுவரைப் பார்ப்பார், அப்புறம் கூரையைப் பார்ப்பார், நேரம் மிச்சமிருந்தால் வீட்டுக்காரரைப் பார்ப்பார். கல்யாண போட்டோவில்கூட மனைவி கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மனுஷன் மண்டபத்து உத்திரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். “அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும்” என்று அந்த அம்மாள் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் போட்டோவைக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பெல்லாம் நிலநடுக்கத்துக்கு முந்தின காலம்.

விடியற்காலையில் வந்தது அது. எவ்வளவு நேரம் ஆடியது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். சட்டையை மாட்ட நேரம் இல்லை என்பதில் மட்டும் எல்லாரும் ஒத்துப்போவார்கள். ஊரில் பாதி விழுந்தது, பாதி நின்றது. நிற்பதில் எதை நம்பி உள்ளே போகலாம் என்று சொல்வது விரிசல் சாரின் வேலையாயிற்று. தோளில் ஒரு பை. பைக்குள் சுத்தியல், டார்ச், மூன்று பெயின்ட் டப்பா. கதவுக்குப் பக்கத்தில் பச்சை வட்டம் போட்டால் குடியிருக்கலாம். மஞ்சள் என்றால் முட்டுக்கொடுத்து, பழுது பார்த்துக்கொண்டே இருக்கலாம். சிவப்பு என்றால் வாசலோடு சரி.

வட்டம் போட்ட பிறகு, “என்ன வேணும்?” என்று கேட்க வேண்டும். அதுவும் அவர் வேலைதான். அலுவலகம் போர்வை, அரிசி, மருந்து என்ற பதில்களுக்குத் தயாராக இருந்தது. ஜனங்களோ வேறு என்னென்னவோ கேட்டார்கள். குளிக்க, தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவு வேண்டும் என்றாள் ஒருத்தி. மூக்குக் கண்ணாடி வேண்டும், பவர் என்னவென்று தெரியாது என்றார் ஒருவர். இன்னொரு பெண்மணி யோசித்து, “தலைக்கு மேல எதுவும் இல்லாத எடமாப் பாத்துக் குடுங்க சார், அது போதும்” என்றாள். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

முதலில் அவருக்கு அழுகை வந்தது. பிறகு ஒரு நாள் வரவில்லை. வராததை அவர் கவனிக்கவும் இல்லை. சாப்பிட்டார், நடந்தார், சுத்தியலால் தட்டினார், வட்டம் போட்டார். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது அவருக்கு எல்லாம். ராத்திரி மனைவி ஏதாவது கேட்டால், “ம்” என்பார். என்ன கேட்டாள் என்று திருப்பிக் கேட்டால் தெரியாது.

அவருடைய அக்காவும் அத்தானும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். ஊரில் வீடில்லாதவர்களை எல்லாம் அங்கேதான் வைத்திருந்தார்கள். அத்தான் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நுரையீரல் இரண்டும் கெட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அவருக்குப் பிடிச்சதெல்லாம் செஞ்சு குடுங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். டாக்டர்கள் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? அக்கா ஜன்னலோரமாகக் கட்டிலைத் திருப்பிப் போட்டு, தெரு தெரிகிற மாதிரி அவரைப் படுக்கவைத்திருந்தாள். அந்த நிலையில்தான் நிலம் ஆடியது. இப்போது மூன்று பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட படுக்கை. எதிரே கரும்பலகை, அதில் எந்தப் பிள்ளையோ பாதியில் விட்ட ஒரு பெருக்கல் கணக்கு.

“மச்சான்” என்பார் அத்தான், ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கி. “வண்டியக் கொண்டுபோய் டிப்போவுல விடாம, நடுரோட்டுல நிறுத்திட்டு எறங்கிப் போற டிரைவர் உண்டா? என்னைய வீட்டுல கொண்டுபோய் விட்டுரு.”

அக்காவுக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. சாகப்போகிறார் என்பதை அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். அந்தப் பெஞ்சில் சாகக் கூடாது, அவ்வளவுதான்.

சொந்தக்காரர் வீட்டை ஆய்வாளர் பார்க்கக் கூடாது என்று விதி உண்டு. இன்னொரு ஆய்வாளரோ கையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். “நீங்களே பாத்துருங்க சார், உங்களத் தெரியாதா எங்களுக்கு” என்றது அலுவலகம். அவர் போய்ப் பார்த்தார். ஜன்னல் சுவரில், கட்டிலுக்கு நேர் மேலே, மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல் இறங்கியிருந்தது. பழைய விரிசல் பெரிதானதா, புதிதா, இன்னும் விரிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் தெரியவில்லை.

இதற்கென்று ஒரு வழி உண்டு. விரிசலுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சிமென்ட், அந்தப் பக்கம் கொஞ்சம் சிமென்ட் வைத்து, குறுக்கே மெல்லிசாக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட வேண்டும். சுவர் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்துவிடும். ஒரு வாரம் உடையாமல் இருந்தால் சுவர் நின்றுவிட்டது என்று அர்த்தம், மஞ்சள் போடலாம். உடைந்தால் வீட்டுக்காரர் தலைகீழாக நின்றாலும் மஞ்சள் கிடையாது.

அக்கா வீட்டோடு சேர்த்து அந்தத் தெருவில் நாலைந்து வீடுகளில் கண்ணாடி ஒட்டியிருந்தார். உடைந்த இடத்தில் எல்லாம் ஒரே பாட்டுத்தான். பந்து பட்டுவிட்டது, காற்றில் கதவு அடித்துவிட்டது, எலி ஓடியது. அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு லாண்டரிக்காரர், “பூனை தட்டிருச்சு சார், நானே கண்ணால பாத்தேன்” என்று சத்தியம் செய்தார். “எந்த வீட்டுல ஒடைஞ்சாலும் ஒரு பூனை வந்துருது. காதுல பூ சுத்தாதீங்க” என்று சொல்லி விரிசல் சார் சிவப்பு வட்டம் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து லாண்டரிக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தெருவிலேயே தள்ளுவண்டியைப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டு, அக்கா வீட்டு முறை எப்போது வரும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

வாரம் முடிந்த அன்று விரிசல் சார் போனபோது, அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“தம்பி, உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கண்ணாடி ஒடைஞ்சிருச்சு. நான்தான் ஒடைச்சேன்.”

“உள்ள போனியா நீ?”

“அவருக்குத் தலகாணி எடுக்கப் போனேன். ஸ்கூல்ல குடுத்தது கல்லு மாதிரி இருக்குன்னு ராத்திரி பூரா பொலம்பினாரு. எடுத்துக்கிட்டு பேசாம வந்திருக்கலாம். தரையெல்லாம் ஒரே சுண்ணாம்புத் தூளு. கை நிக்கல, பெருக்கிட்டேன். துடைப்பக் கட்டை பட்டுருச்சு.”

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். கண்ணாடி சரியாக நடுவில், விரிசலின் கோட்டிலேயே உடைந்திருந்தது. சுவர் நகர்ந்தாலும் அங்கேதான் உடையும். கட்டை பட்டாலும் அங்கேதான் உடையும். அடியில் பிடிமானம் இல்லாத இடம் அதுதான். தரை பளிச்சென்று இருந்தது. பெருக்கினாள் என்பதற்கு அது ஆதாரம். கட்டை பட்டது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. அக்காவுக்குப் பொய் சொல்ல வராது என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அவர் செய்த தப்பையும் சேர்த்து அப்பாவிடம் உளறி, இரண்டு பேருக்கும் அடி வாங்கிக் கொடுத்த மகராசி அவள்.

அவர் வெளியே வந்தார். எதிரே லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேற ஒண்ணு ஒட்டறேன் அக்கா. இன்னும் ஒரு வாரம்.”

“ஒரு வாரம் அவரு இருக்க மாட்டாருடா.”

“இருப்பாரு.”

“நீ என்ன டாக்டரா? சுவத்தப் பாத்துச் சொல்லு. ஆளப் பாத்துச் சொல்லாத.”

அவர் பையைத் திறந்து சிமென்ட்டைக் குழைக்க ஆரம்பித்தார். அக்கா பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினாள். “நானும் கூடத்தான இருக்கப் போறேன்? விழுந்தா ரெண்டு பேர் மேலயும் சேந்தே விழட்டும். உன்மேல பழி வராம நான் எழுதிக் குடுத்துடறேன்.”

“உன்மேல விழுந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?”

அவர் உள்ளே போய்ப் புதுக் கண்ணாடியை ஒட்டினார். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இதைச் சொல்கிற எனக்குத் தோன்றுகிறது, அவருக்குத் தோன்றவில்லை. வெளியே வந்து கதவைப் பூட்டி, சாவியைத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். “பரவாயில்ல, கூடப் பொறந்தவளுக்கும் அதே சட்டம்தான். நேர்மையான ஆளுதான்” என்று லாண்டரிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது அக்கா, தம்பி இரண்டு பேர் காதிலும் விழுந்தது.

அந்த வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு வேளையில், நிலம் மறுபடி ஒருமுறை ஆடியது. பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் லாண்டரிக்காரர் வீட்டுப் பின்சுவர் அப்படியே உள்பக்கமாகச் சரிந்தது. வழக்கமாக அந்த நேரத்தில் அவர் குடும்பம் மொத்தமும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடும்.

மறுநாள் காலையில் அத்தான் போய்விட்டார். பெஞ்சின் மேல்தான். கடைசியாக என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. சொல்கிற அளவுக்கு மூச்சு இல்லை அவருக்கு.

விரிசல் சார் வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் அண்ணாந்து உத்திரத்தைப் பார்த்தார். பழக்கம். விரிசல் எதுவும் இல்லை. பிறகுதான் கீழே பெஞ்சைப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. வராததை இந்த முறை கவனித்தார். தன் மேலேயே அவருக்கு ஒரு வெறுப்பு வந்தது.

எதையாவது ஏற்பாடு செய்யலாம் என்று வராந்தாவுக்கு வந்தார். அங்கே லாண்டரிக்காரர் மனைவியோடும் பிள்ளைகளோடும் நின்றிருந்தார். வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அன்னைக்கு உங்கள மனசுக்குள்ள கண்டபடி திட்டினேன் சார். நீங்க மட்டும் அன்னைக்கு எளகிக் குடுத்திருந்தா, நாங்க யாரும் இப்ப இல்ல. நீங்க நல்லா இருக்கணும்.”

“ம்” என்றார் அவர்.

அத்தானை அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, வாரம் முடிந்தது. அவர் தனியாகப் போய் அக்கா வீட்டுக் கதவைத் திறந்தார். லாண்டரிக்காரர் சுவரையே சாய்த்த அந்த ஆட்டத்துக்குப் பிறகும் ஜன்னல் சுவர்க் கண்ணாடி அப்படியே இருந்தது. டார்ச் அடித்து, முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. விரல் நகத்தால் தட்டினார். ணங்கென்றது. சுவர் முதல் நாளிலிருந்தே அசையாமல்தான் நின்றிருக்கிறது. கட்டில் ஜன்னலோரமாக, தெருவைப் பார்த்தபடி கிடந்தது. அவர் அதில் உட்காரப் போனவர், உட்காராமல் வெளியே வந்து மஞ்சள் டப்பாவைத் திறந்தார்.

அக்காவைப் பள்ளிக்கூடத்திலிருந்து அவரே கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு பை, ஒரு தலையணை, அவ்வளவுதான் சாமான். வாசலில் பெயின்ட் இன்னும் காயவில்லை. அவள் அந்த வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உள்ளே போய்த் தலையணையைக் கட்டிலில் வைத்தாள். அவர் ஜன்னல் சுவருக்கு எங்கே முட்டுக் கொடுக்க வேண்டும், எந்தக் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மற்ற வீடுகளில் கேட்கிற ‘என்ன வேணும்?’ என்ற கேள்வியை இங்கே எப்படிக் கேட்பது என்று தெரியாமல் அவர் நின்றார்.

“லாண்டரிக்காரர் வீட்டப் பாத்தேன்” என்றாள் அக்கா. “நீ செஞ்சது சரிதான். ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லிட்டு வந்தேன். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு நான் பொய் சொல்றேன்னு நெனச்சியா?”

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

“இல்லக்கா. நெசம்னுதான் நெனச்சேன்.”

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். தலையணை உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தாள்.

“பொய்னு நெனச்சிருந்தாக்கூடப் பரவாயில்லடா” என்றாள். “கெளம்பு. கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத.”

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பக்கத்து வீட்டில் இன்னும் வட்டம் போடவில்லை. அங்கே போனார். வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டு, “உக்காருங்க சார், ஏன் அழறீங்க?” என்று கேட்டார்.