எருக்குழியில் போட்ட சாக்கு

எங்கள் பக்கத்தில் குழந்தை பிறந்தால் நஞ்சுக்கொடியைச் சொந்த மண்ணில் புதைப்பது வழக்கம். நான் பிறந்தபோது எங்களுக்கு ஒரு பிடி மண்கூடச் சொந்தம் இல்லை. அப்பா பண்ணையாள். என் கொடியை வாய்க்கால் புறம்போக்கில் புதைத்தார். பிறகு சங்கத்தில் சேர்ந்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், உச்சவரம்பு நிலத்தில் ஒரு ஏக்கருக்குப் பட்டா வாங்கினார். அந்த வருஷம் பிறந்த தங்கையின் கொடியை வயலின் ஈசானிய மூலையில் புதைத்துவிட்டு, "இனிமே நம்மள எந்திரிச்சுப் போன்னு ஒருத்தனும் சொல்ல முடியாது" என்றார்.

அப்போது கிழிந்த சணல் சாக்கை எருக்குழியில்தான் போடுவோம். இரண்டு மழை பெய்தால் மக்கி எருவாகிவிடும். உரம் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கில் வரத் தொடங்கிய காலத்தில் வெள்ளாமை என் கைக்கு வந்திருந்தது. அந்தச் சாக்கையும் பழக்கதோஷத்தில் அதே குழியில் போட்டேன். அது மக்கவில்லை. வெயிலில் இற்று, தொட்டால் நூல் நூலாகப் பிரிந்து, பிறகு தூளானது. தூளாகிவிட்டால் தொல்லை விட்டது என்றுதான் நினைத்தேன். வருஷா வருஷம் எருவோடு சேர்த்து வயல் முழுக்க இறைத்தேன். என்னைப் போலத்தான் ஊரே செய்தது. அதனால் என் மடத்தனம் குறைந்துவிடாது.

என் மகள் தஞ்சாவூரில் நர்ஸ். தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். ரசம் வைக்க வயல் நண்டு பிடித்து வந்து கொடுத்தேன். ஓட்டைப் பிளந்த என் மனைவி, உள்ளே சுருண்டிருந்த வெள்ளை இழையை விரலால் இழுத்துப் பார்த்தாள். மகள் எட்டிப் பார்த்தாள்.

"உரச் சாக்கு நூலும்மா. இதாவது கண்ணுக்குத் தெரியுது. தெரியாததுதான் நெறைய. மனுஷ ரத்தத்துலயும் இருக்காம். நஞ்சுக்கொடியிலகூடப் பாத்திருக்காங்க."

"கொழந்தைய என்னடி பண்ணும்?"

"யாருக்கும் இன்னும் முழுசாத் தெரியலம்மா. அதான் பயமா இருக்கு."

மனைவி நண்டுகளைச் சட்டியோடு கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் எருக்குழியை வெட்டத் தொடங்கினேன். பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்ன மாமா, பொதையலா?" என்றார். "ஆமாங்க மாப்ளே, நானே பொதச்சது" என்றேன். முழுச் சாக்குகளை எடுக்க முடிந்தது. தூளை என்ன செய்வது? சலித்துப் பார்த்தேன், கழுவிப் பார்த்தேன். நான்காம் நாள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

பேரன் நல்லபடியாகப் பிறந்தான். இப்போது ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கொடியைக் கொடுப்பதில்லை. காய்ந்து விழுந்த தொப்புள்கொடியை வாழையிலையில் மடித்து எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் வயலுக்குப் போனோம். ஈசானிய மூலையில் ஒரு சாண் தோண்டினேன். வெள்ளை இழை வந்தது. நாலடி தள்ளித் தோண்டினேன். அங்கேயும் இருந்தது. மூன்றாவது இடத்திலும் நூல் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"போதுங்க, இங்கயே வைங்க" என்றாள் மனைவி.

வைத்து மூடினேன். அப்பா சொன்னது சரிதான். எங்களை இனி யாரும் எழுந்து போகச் சொல்ல முடியாது. நான் போட்ட நூலையும் சொல்ல முடியாது.