தேள் முதுகு காலியாக இருந்த காலை

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். திருச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்து, குஷாய்குடாவைத் தாண்டி ஒரு தரைத்தள வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து மனையில் வீடு கட்டப் பாறையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கிளம்பிய ஒன்று எங்கள் பூந்தொட்டிக்கு அடியில் ஒண்டியிருந்தது. செம்பழுப்பு நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒரு தேள்.

எந்த வீட்டிலும் செருப்பைத் தேடுவார்கள். என் கணவர் டப்பாவைத் தேடினார். கம்ப்யூட்டரைத் தவிர வேறெதையும் தொட்டுப் பழகாத மனிதர், தேள் வளர்ப்பவர்களின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இதையும் வளர்க்கலாம் என்று முடிவே செய்துவிட்டார். ஏழு வயது மகளுக்குத் தலைகால் புரியவில்லை. தேளுக்கு மூச்சு முட்டுமே என்று அவள் கவலைப்பட, ஸ்க்ரூடிரைவரைச் சூடாக்கி மூடியில் நல்ல பெரிய ஓட்டைகளாகப் போட்டுக் கொடுத்தார்.

மகனுக்கு அப்போது பத்து மாதம். தவழ்ந்து போய் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடும் பருவம்.

மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா, மூன்று தலைமுறையாக இந்த ஊரிலேயே இருக்கும் தமிழர், டப்பாவைப் பார்த்ததும் நாலடி பின்னால் போனார்.

"நக்கோம்மா! கைக்கு இந்த வம்பு? பச்சப்புள்ள இருக்கிற வீடு." வேண்டாம் என்பதற்கு நக்கோ, எதற்கு என்பதற்குக் கைக்கு என்று ஊர் உருது கலந்துதான் பேசுவார்.

"மூடி டைட்டா இருக்கு ஆன்ட்டி. நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். அவர் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் நான்தான் பார்க்க வேண்டிவரும் என்பது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும்.

சில நாள் கழித்து, சீக்கிரம் வரச் சொல்லி மகள் பள்ளிக்கூட ஹிந்தியில் கத்தினாள். "அம்மா, ஜல்தி ஆவோ! பேபீஸ்!"

தேளின் முதுகு முழுக்க வெள்ளை வெள்ளையாகக் குட்டிகள், நொய்யரிசியை அள்ளிக் கொட்டியது போல. பிள்ளைத்தாய்ச்சியைத்தான் பிடித்து வைத்திருக்கிறோம்! அன்று வீட்டில் பெரிய சண்டை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே பாறைகளுக்கு நடுவில் கொண்டுபோய் விட்டுவிடுவதாக இவர் ஒத்துக்கொண்டார். குட்டிகள் தோல் உரித்துப் பழுப்பாகும்வரை தாயை விட்டு இறங்காது, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றும் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

சனிக்கிழமை காலை டப்பாவை எட்டிப் பார்த்தேன். தேள் இருந்தது. முதுகில் ஒன்றுமே இல்லை. மூடியின் ஓட்டைகளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. பெரிய தேள் வெளியே வராதபடி போட்ட ஓட்டைகள் அவை. அதில் குட்டிகள் தாராளமாக வரலாம்.

ஹாலுக்கு ஓடினேன். மகன் பாயில் குப்புறக் கிடந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவன் காலுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஏதோ சின்னதாக நகர்ந்தது. வெடுக்கென்று அவனைத் தூக்கினேன். வீறிட்டு அழ ஆரம்பித்தான்.

நான் தூக்கிய வேகத்தில் பயந்து அழுகிறானா, கொட்டிவிட்டதா? கேட்டால் சொல்லத் தெரியாத பிள்ளை. உடம்பெல்லாம் புரட்டிப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் கொசு கடித்த சிவப்புப் புள்ளிகள். அதில் எது கொசு, எது தேள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் தேளின் நிறத்தைக் கேட்டார். இவர் பெருமையாக எடுத்து வைத்திருந்த போட்டோவைக் காட்டினார். அதைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறியது எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிவப்புத் தேள், சின்னக் குழந்தைகளுக்கு ஆபத்து, கைகால் சில்லென்று ஆகிறதா, வியர்க்கிறதா, வாந்தி வருகிறதா என்று பார்க்க வேண்டும், உடனே அனுப்ப முடியாது என்றார்.

அன்று பகல் முழுவதும் அவன் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பயத்தில் என் கையே சில்லிட்டுப் போயிருந்தது. சில்லென்று இருப்பது அவன் காலா என் கையா என்று தெரியாமல் நர்ஸைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இவர் எதிர் பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. மகள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி செத்துப் போவானா அம்மா?"

அவளையும் இழுத்து என்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவன் பால் கேட்டுச் சிணுங்கினான். வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனான். கொட்டவில்லை, பயந்துதான் அழுதிருக்கிறான் என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் இவர் தாய்த் தேளைப் பாறைப் பக்கம் விட்டுவிட்டு வந்தார். குட்டிகளில் சில வாஷிங் மெஷினுக்குப் பின்னால் கிடைத்தன, ஒன்று பிள்ளையின் தூளித் துணி மடிப்பில் இருந்தது. மொத்தம் எத்தனை என்று யாருக்கும் தெரியாததால், எல்லாம் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த மாதமே மூன்றாவது மாடியில் வேறு வீடு பார்த்துப் போய்விட்டோம்.

இன்றும் மகள் ஏதாவது ஒரு ஜீவனைக் கண்டு, "வளர்க்கலாமா அம்மா?" என்று கேட்டால், அது அழகா, சாதுவா என்றெல்லாம் நான் பார்ப்பதில்லை, அதை நம்பி என் பிள்ளையைத் தரையில் விட முடியுமா என்று மட்டும்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.