பாத்தியில் தூவிய பொடி

ஜூன் 28, சனிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சினேன். ஈரத்துணிகளை மின்விசிறிக்குக் கீழே காயப்போட்டேன். பத்து மணிக்கு எங்கள் செம்பூர்க் குடியிருப்புத் தோட்டத்தில் தோட்டக்கார மாலி பூச்சிப்பொடி தூவினார். நெடி மூன்றாம் மாடிவரை வந்தது.

இந்த நெடியை முதன்முதலில் முகர்ந்தபோது எனக்கு எட்டு வயது. சுனாபட்டியில் தண்டவாளத்தை ஒட்டி அப்பா கீரைப்பாத்தி வைத்திருந்தார். மழை பெய்தால் மண்புழுக்கள் எங்கள் அறைக்குள் ஊர்ந்துவரும். ஒருநாள் ஒன்றை மிதித்துவிட்டு அலறினேன்.

"கடிக்காதுட்டி. சம்பளம் கேக்காம நம்ம மண்ண உழுற ஆளுவ," என்று அப்பா சிரித்தார். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் அடம்பிடித்தேன். மூன்றாம் நாள் இதே நெடியடிக்கும் பொடியை வாங்கிவந்து பாத்தி முழுக்கத் தூவினார்.

புழுக்கள் செத்தன. மண் இறுகிப்போய், மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கியது. கீரை விரல் உயரத்திலேயே மஞ்சளாகி அழுகியது. எருமைகள் கட்டும் தபேலாவிலிருந்து சாணம் சுமந்துவந்து கொட்டியும் தேறவில்லை. அதன்பின் கடையில் வாங்கிய கீரையை அப்பா கடைசிவரை தொடவில்லை.

இன்று தூவிய பொடிக்கும் நான்தான் காரணம். "லிஃப்டுக்குள்ள புழு வருதுக்கா, பிள்ளைங்க பயப்படுது. கமிட்டில நீங்கதான இருக்கீங்க?" என்று கீழ்வீட்டு மேரி போன வாரம் கேட்டாள். அப்பாவின் பாத்தியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். புழுவுக்காகப் பரிந்து பேச வெட்கமாக இருந்தது. பொடி தூவச் சொல்லும் கமிட்டிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 29. முதல் வேலையாக, படிக்கட்டில் செத்துக் கிடந்த புழுக்களைக் கூட்டி அள்ளினேன்.