மிட்டாய் கொடுத்தவர்

வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, சாப்பிடாமல் தம்பானூர் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். குழந்தைகள் பாடும் தொலைக்காட்சிப் போட்டியில் விளக்குத் தூக்கும் வேலை. தோற்ற குழந்தையைக் கேமரா முன் அழவைப்பதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம், சட்டைப்பை நிறைய மிட்டாய்.

அன்று தோற்ற ஆறு வயதுச் சிறுமி அழவில்லை, சிரித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து, "நீ தோத்துட்டேல்லா மோளே, அம்மா கோபிச்சு ஊருக்குப் போயாச்சு" என்றார். தாயை அவரே திரைக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார். குழந்தை வீறிட்டது. படம் பிடித்து முடிந்ததும் தாய் ஓடிவந்தாள். குழந்தை அவளிடம் போகவில்லை. அவர் நீட்டிய மிட்டாயையும் வாங்கவில்லை. அதை என்னிடம் கொடுத்தார்.

"உங்க பிள்ளையும் இதைப் பார்க்குமா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"நம்ம வீட்ல டிவியே கிடையாது, கேட்டியா. பிள்ளைக கெட்டுப்போகும்லா."

கேலியாகச் சொல்லவில்லை. நல்ல தகப்பனின் அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்றும் விளங்கவில்லை.

கிழக்கேகோட்டை தாண்டும்போது பசி தாங்கவில்லை. அந்த மிட்டாயைத் தின்றேன். மறுநாள் காலை சாலை பஜாரில் அரிசி மூட்டை இறக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.