கலப்பில்லாத குழாய்

மயிலிட்டிப் பஞ்சலிங்கத்தின் தகப்பனும் பாட்டனும் கடலோடிகள். அவர் மட்டும் இரும்போடு சேர்ந்தவர். குவைத்தில் ஐந்து வருடம் ஆலை வேலை செய்துவிட்டு, ஊர்க்கரையில் புதிதாகத் தொடங்கிய குளோரின் ஆலைக்குத் குழாய் பூட்டும் தலைமைப் பிற்றராக வந்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச அங்கே ஆளில்லை.

1979 மாசியில், உப்புநீர் கொதிக்கக் கொதிக்க ஓடும் பாதைக்கு டைட்டேனியம் குழாய் வாங்க வேண்டியிருந்தது. மாதிரிக்கு இரண்டு துண்டுகள் வந்தன. ஒன்று சுத்த டைட்டேனியம், ஒட்டே இல்லாமல் இழுத்தது. மற்றது தகட்டைச் சுருட்டி ஒட்டியது. ஆனால் அதில் பல்லேடியம் என்ற அருமையான உலோகம் துளியளவு கலந்திருந்தது. விலை இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பஞ்சலிங்கம் மனேச்சரிடம் போனார்.

"ஐயா, ஒட்டாலை ஒரு பிழையும் வராது. மூட்டிலை ரப்பர் வளையம் வைக்கிறமெல்லே, அதுக்குக் கீழை கொதிதண்ணி போய் நிண்டால் உந்தச் சுத்தக் குழாயை அரிச்சுப்போடும். குவைத்திலை கண்ணாலை கண்டனான். கலந்ததுதான் வேணும்."

மனேச்சர் கனகசபாபதி நீர்வேலியில் பெரிய வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. சுத்தம் என்றால் உயிரை விடுவார். பஞ்சலிங்கத்தின் மகள் கலியாணத்துக்கு வந்து, மூடி உடைக்காத சோடாவைத் தவிர வேறெதையும் தொடாமல் எழும்பிப் போன மனிதர்.

"என்ன கதைக்கிறீர் பஞ்சலிங்கம்? சுத்தமான சாமானை விட்டிட்டுக் கலப்பை வாங்கச் சொல்லுறீர்! கலந்தால் தரம் குறையுமெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியும். உங்கடை கரைப்பக்கத்துக்கு எல்லாம் ஒண்டுதான். எங்களுக்கு அப்பிடியில்லை."

அட பாவி மனுசா! பொன்னில் செம்பு கலக்காமல் எந்தத் தட்டான் தாலி செய்து தருவான்? கொதிக்கிற உப்புநீர் குலம் கோத்திரம் கேட்டா அரிக்கும்? படித்த மனிதர், தன் வீட்டு அடுப்படி நியாயத்தை ஆலைக்குள் கொண்டுவந்து வைத்தார்.

பஞ்சலிங்கம் எழுத்திலும் கொடுத்தார். அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. சுத்தக் குழாய் வந்து இறங்கியது. தேசிக்காய் வெட்டி, கற்பூரம் காட்டி, நல்லநேரத்தில் பூட்டச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் ஒவ்வொரு குழாய்மூட்டையும் அவரே தன் கையால் இறுக்கினார்.

பூட்டிய ஒன்பதாம் மாதம் ஒரு மூட்டுப் பீறியது. பக்கத்தில் நின்ற தில்லைநாதனின் வலது கால் தொடையிலிருந்து பாதம்வரை வெந்து போயிற்று. பஞ்சலிங்கத்தோடு முதல்நாளிலிருந்து கூட நின்று வேலை செய்தவன் அவன். மூட்டைக் கழற்றிப் பார்த்தால், வளையம் மூடியிருந்த இடம் மட்டும் கறையான் தின்ற பலகையாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பளபளப்பு.

அடுத்த கிழமை கனகசபாபதி ஒரு தாளை நீட்டினார். பிற்றர் சரியாக இறுக்காததே விபத்துக்குக் காரணம் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

"கையெழுத்தைப் போடும். வேலை போகாமல் நான் பாக்கிறன்."

"இனி என்ன குழாய் பூட்டப் போறியள்?"

"அதேதான். ஸ்ரோரிலை மிச்சம் கிடக்கு. இன்னும் கொஞ்சம் இறுக்கினால் காணும்."

பஞ்சலிங்கம் தாளைத் திருப்பி மேசையில் வைத்தார். கையெழுத்து வைத்தால் பிழை குழாயில் இல்லையென்று ஆகிவிடும். பிறகு இன்னொருவன் வேக வேண்டியதுதான்.

"ஐயா, அந்தக் குழாயைப் பூட்டிப்போட்டு, நீங்கள் ஒரு மாசம் மூட்டடியிலை கதிரை போட்டு இருங்கோ. ஒண்டும் நடக்கேல்லையெண்டால் வைக்கிறன்."

சொன்ன சொல் மத்தியானத்துக்குள் ஆலை முழுக்கப் பரவியது. அந்தப் பாதைப் பக்கம் போக ஒருவரும் சம்மதிக்கவில்லை. பதினொரு நாள் ஆலை நின்றது. பணியாமைக்காகப் பஞ்சலிங்கத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சித்திரையில் பல்லேடியம் கலந்த குழாய் வந்தது. கொழும்புக்குப் போன அறிக்கையில், அதைத் தெரிவு செய்தவர் மனேச்சர் என்றிருந்தது. தில்லைநாதனின் காலுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் பஞ்சலிங்கத்தின் காதில் அது விழுந்தது. கட்டை முடிந்தபடியே அவர் கேட்டார்.

"உவருக்கு இது விளங்கிறதுக்கு ஒரு மனிசன்ரை கால் வேண்டியிருந்ததோ?"