உமரிக் கட்டு

உமரியை நிழலில்தான் உலர்த்த வேண்டும் என்று வினோதினி சொன்னதும் அவள் அம்மா திரௌபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"கருவாடு வெயில்ல, இது நெழல்லயா? நல்லா படிச்ச போ."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பழவேற்காடு ஏரியின் கரைச்சேற்றில் முளைக்கும் உமரிச் செடியைக் கிள்ளிவந்து இருவரும் இரண்டு தண்ணீரில் அலசி, பழைய புடவையில் பரப்பினார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று செடிச் சாறுகளைச் சோதிப்பது வினோதினியின் வேலை. சென்னையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில். உமரியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னதே திரௌபதிதான். "உப்புத் தண்ணியிலயே பொழைக்குதே, அதுக்குள்ள எதுனா இருக்கும்டி."

அன்று திரௌபதி மூன்று செம்புத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று வினோதினி நினைத்துக்கொண்டாள்.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான்.

திரௌபதி கையால் இறால் பிடிப்பவள். பனையோலைக் கூடையான பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஆழமில்லாத தண்ணீரில் தவழ்ந்தபடி சேற்றைத் துழாவுவாள். காலில் இறால் துள்ளுவது தெரிந்தால் கை அங்கே போகும். புருஷன் போனபின் அந்தப் பறியைக் கொண்டுதான் மகளைப் படிக்கவைத்தாள். சர்க்கரை இருப்பதை டாக்டருக்கு முன்னால் கண்டது அவள் கால்தான். "எறா என் காலை ஏமாத்துதுடி. மரக்கட்டை மாதிரி கீது" என்றாள். ஆறு வருடமாக மாத்திரை சாப்பிட்டாள். ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

அந்த ஞாயிறுக்கு ஒரு மாதம் முன்பு வினோதினி போனில் கத்தினாள். "ம்மா, உமரி வேலை செய்யுதும்மா! மாவைச் சர்க்கரையா ஒடைக்கிற நொதியை அறுபது சதம் அடக்கிடுச்சு."

சோதனைக் குழாயில் மட்டும் என்று சொன்னாளா? தினமும் யோசித்துப் பார்க்கிறாள். நினைவில்லை.

திரௌபதி கேட்டது ஒன்றுதான். "ரெண்டு மருந்தை ஒண்ணா குடுத்துப் பாப்பீங்களா?"

"சேச்சே. கலந்தா எது கேட்டுச்சுனு தெரியாது. ஒரு சமயத்துல ஒண்ணுதான்."

"அதான பாத்தேன்."

அந்த ஞாயிறு கழிந்து ஒரு வாரத்தில் ஏரிக்குள் சிப்பி ஓடு திரௌபதியின் பாதத்தைக் கிழித்தது. அவளுக்குத் தெரியவில்லை. அதோடு இரண்டு நாள் தண்ணீரில் இறங்கினாள். பக்கத்து வீட்டுக் காசியம்மாள்தான் வாசலில் ரத்தத் தடத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியிருந்தது. புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறியிருந்தது. நான்காம் நாள் போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின், காசியம்மாள் பக்கத்தில் நிற்க, வினோதினி அம்மாவின் தகர டப்பாவைத் திறந்தாள். பிரிக்காத மாத்திரை அட்டைகள். பக்கத்தில் பறிக்கயிறு ஒன்று, முடிச்சு முடிச்சாக.

"இது இன்னா பெரியம்மா?"

காசியம்மாள் கயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "தெனம் ஒரு டம்ளர் உமரிக் கஷாயம் குடிப்பா. குடிச்சதும் ஒரு முடிச்சு போடுவா. மாத்திரையை ஏன்டி வுட்டேனு கேட்டேன். 'கலந்தா தெரியாதுனு வினோ சொல்லிச்சு. என் ஒடம்புல பாத்துச் சொன்னா அதுக்கு ஒத்தாசையா இருக்கும்'னா. அம்பது நாள் ஆனதும் உன்கிட்ட சொல்றதா இருந்தா."

வினோதினி எண்ணினாள். நாற்பத்தொன்று.

சோதனைக்கு ஒரே ஆள். ஒப்பிட யாருமில்லை. முறை மட்டும் சரி. அதை அவள்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

காசியம்மாள் போகவில்லை. விட்டத்தையே பார்த்தபடி நின்றாள். ஓலை நாரால் கட்டிய ஒரு கட்டு உமரி அங்கே தொங்கியது. நிழலில் பச்சை மாறாமல் உலர்ந்திருந்தது.

"எனக்கும் சக்கரைதானே கண்ணு. செவ்வாக்கெழமை ஒரு கட்டு எடுத்தாறேன்னா. அதுக்குள்ளதான் காலு இப்டி ஆச்சு."

வினோதினி கயிற்றைக் கீழே வைத்தாள். "நீங்க மாத்திரையை நிறுத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல. உமரி வரட்டும்னு கீறேன்."

"அது சோதனைக் குழாயில மட்டும் பெரியம்மா. மனுசனுக்கு யாரும் குடுத்துப் பாக்கல. குழாயில மட்டும். மாத்திரையை வுடாதீங்க. குழாயில மட்டுந்தான்."

காசியம்மாள் அவளையும் கட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ அவ எனக்குக் கொண்டாறேன்னது?"

"வராது பெரியம்மா."