மைக்கம்மா பிடித்த மூச்சு

பேருந்து நிலையத்தில் எல்லோரும் அம்மாவை மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அறிவிப்பு அறை என்பது பார்சல் கவுண்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு மைக். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று சொல்வதுதான் வேலை. அதோடு நிறுத்துகிறவள் இல்லை அம்மா. "நீலச் சட்டை போட்ட அண்ணே, குடையை பெஞ்சிலயே விட்டுட்டு ஓடுறீங்க. வந்து எடுத்துக்குங்க, மழை உங்களுக்காகக் காத்திருக்காது" என்பாள். நிலையமே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். மேலதிகாரி ஒருமுறை கூப்பிட்டுக் கண்டித்தார். அடுத்த வாரமே அவருடைய சாப்பாட்டுப் பை காணாமல் போனது. அம்மாதான் மைக்கில் சொல்லித் தேடிக் கொடுத்தாள். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டிலும் வாய் ஓயாது. மாலையில் சாப்பாட்டுக்கு முன் சுவர் அலமாரி விளக்கின் எதிரே எல்லோரும் நிற்க வேண்டும். அம்மா வாய்விட்டு வேண்டுவாள். பிரேக் சரியில்லாத வண்டியை ஓட்டும் டிரைவருக்காக, நிறைமாதமாக இருக்கும் டிக்கெட் கவுண்டர் பெண்ணுக்காக, கிளினிக்குக்கு வழி கேட்டுவிட்டுப் போன யாரோ ஒருவருக்காக. "சீக்கிரம் முடி, சாமிக்கே பசிக்கும்" என்பார் அப்பா. அவர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். தூசியும் தின்னர் நெடியும் சேர்ந்து கொடுத்த இளைப்பு நோய் அவருக்கு. ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டும் தம்பி ஒரு கண்ணைத் திறந்து தட்டைப் பார்ப்பான். அவனுடைய அக்கா, மூத்தவள், குடிநீர் நிலையத்தில் பம்புகளைப் பராமரிக்கும் என்ஜினியர். கூட நிற்பாள். சாமியிடம் எதுவும் கேட்கமாட்டாள். அம்மா அதற்காகக் கோபித்துக்கொண்டதே இல்லை. "நின்னா போதும்" என்பாள்.

அம்மாவின் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்தது. அறுவை முடிந்தது. மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நாக்கில் எதுவும் ருசிக்கவில்லை. அதையெல்லாம் அம்மா தாண்டிவிட்டாள். இடறியது கதிர்வீச்சு சிகிச்சையில்.

டாக்டரம்மா திரையில் இரண்டு படங்களைக் காட்டினார். இரண்டும் வேறு யாரோ ஒருவருடையவை. முதல் படத்தில் இதயம் மார்புச் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. "சாதாரணமா மூச்சு விடும்போது இப்படித்தான் இருக்கும். கதிர் இதயத்தோட ஓரத்திலயும் படும். உடனே ஒண்ணும் ஆகாது, பின்னாடி பாதிக்கலாம்." இரண்டாவது படத்தில் இருவருக்கும் நடுவே ஒருவர் புகுந்து உட்கார்ந்ததுபோல, சுவருக்கும் இதயத்துக்கும் இடையில் மெல்லிய கறுப்பு இடைவெளி. "நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடிச்சா நுரையீரல் விரியும், இதயம் விலகிடும். அந்த நேரத்துல மட்டும் கதிரைக் கொடுப்போம்."

"மூச்சு விடாம பேசுறவதானே. இதெல்லாம் இவளுக்கு ஒரு வேலையா" என்றார் அப்பா.

பெரிய வேலையாகத்தான் இருந்தது. கனத்த கதவு மூடி, அந்த அறையில் தனியாகப் படுத்ததும் அம்மாவுக்கு இழுத்த மூச்சு நிற்கவில்லை. உதறிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி முயன்றபோது பயமும் சேர்ந்துகொண்டது. கருவியை இயக்கும் இளைஞர் ஆறுதலாகத்தான் பேசினார். "அடுத்த வாரம் இன்னொரு தடவை பார்ப்போம்மா. அப்பவும் வரலைன்னா சாதாரணமாவே கொடுத்துடலாம். நிறையப் பேருக்கு அப்படித்தான் கொடுக்கிறோம்."

மூத்தவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: அந்தக் கறுப்பு இடைவெளி கிடைக்காது. இதயத்தைப் பம்ப் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. பம்புகள் நிற்பதை அன்றாடம் பார்ப்பவள் அவள்.

வீட்டில் பயிற்சி தொடங்கியது. அம்மாவுக்குத் துணையாக எல்லோரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மூச்சைப் பிடித்தார்கள்.

"அப்பா மூக்கு வழியா விடுறாரும்மா."

"நீ உன் மூக்கைப் பாருடா."

"ஏங்க, நீங்க இந்தப் போட்டியில சேராதீங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் ஒரே வார்டுல கட்டில் போடணும்."

"ஆம்பளைங்க வார்டு தனி."

"அப்ப சரி, நிம்மதி."

சிரிப்பில் அம்மாவின் மூச்சும் போய்விடும். மூத்தவள் போனில் நொடிகளை ஓடவிட்டு எதிரில் வைத்தாள். அது இன்னும் மோசம். அம்மா எண்ணைப் பார்த்தாள், எண் அம்மாவைப் பார்த்தது, மூச்சு அறுந்தது. "உன் மெஷின் என்னை விரட்டுதுடி" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

நிலையத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று அம்மா கேட்டாள். மூத்தவள் அழைத்துப் போனாள். தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தவளை டிரைவர்கள் விடவில்லை. "ஒரே ஒரு வண்டிக்குச் சொல்லிட்டுப் போங்க மைக்கம்மா. உங்க இடத்துல வந்த பையன் சாவு சேதி சொல்ற மாதிரி சொல்றான்."

அம்மா உட்கார்ந்தாள். அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் மணியைத் தட்டினாள். கண்ணாடிக்கு வெளியே நின்ற மூத்தவள் அப்போதுதான் அதைக் கவனித்தாள். சின்ன வயதிலிருந்து பார்த்தது, ஒருநாளும் கண்ணில் படாதது. மணி தொடங்கியதும் அம்மா நெஞ்சு நிறைய மூச்சை வாங்கினாள். ஓசை அடங்கும்வரை சிலைபோல இருந்தாள். அதன்பிறகே பேசினாள்.

மூத்தவள் அந்த மணியைப் போனில் பதிவு செய்துகொண்டாள். வீட்டில் அம்மாவைப் படுக்கவைத்து ஒலிக்கவிட்டாள். மூச்சு அசையாமல் நின்றது. ஆனால் மணி சில நொடிகளில் அடங்கிவிடும், சிகிச்சைக்கு அதைவிட நீளமாகப் பிடிக்க வேண்டும்.

"முடிஞ்சதும் பேசணும்னு வாய் துடிக்குதுடி. என்ன பண்ண?"

"பேசு. மனசுக்குள்ள பேசு."

"யார்கிட்ட?"

மூத்தவள் கொஞ்சம் தயங்கினாள். "சாயங்காலம் விளக்குக்கு முன்னாடி யார்கிட்ட பேசுவியோ, அவர்கிட்ட."

அம்மா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். மறுபடி படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், அந்த இளைஞர் மூத்தவளைத் திரைக்கு அருகே கூப்பிட்டார். அம்மாவின் மூச்சு திரையில் ஒரு கோடாக அலைந்துகொண்டிருந்தது. "இப்ப இழுத்துப் பிடிங்கம்மா" என்றார் மைக்கில், கூடவே மூத்தவளின் போனிலிருந்த மணியையும் ஒலிக்கவிட்டார். கோடு ஏறியது. மூச்சு நிற்க வேண்டிய அளவைக் காட்டும் பச்சைப் பட்டைக்குள் நுழைந்தது. நின்றது.

மூத்தவளுடைய வாழ்க்கை முள் நடுங்கும் மீட்டர்களோடு கழிந்தது. எவ்வளவு நல்ல பம்பானாலும், எவ்வளவு சீரான அழுத்தமானாலும் முள் கொஞ்சமாவது ஆடும். இந்தக் கோடு ஆடவில்லை. உயிருள்ள ஒரு உடம்பு, அதுவும் வெட்டித் தைத்து, மருந்தில் வெந்த உடம்பு, யாரோ ஒருவருக்காக எதையோ கேட்டுக்கொண்டு அப்படி நின்றது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உள்ள என்ன பண்றாங்க, தூங்கிட்டாங்களா?" என்றார் இளைஞர்.

"பேசிட்டு இருக்காங்க."

அன்று அம்மாவின் படத்தையே டாக்டரம்மா காட்டினார். இதயம் ஒதுங்கி நின்றிருந்தது. வெளியே பெஞ்சில் தம்பி கண்மூடி உட்கார்ந்திருக்க, கூடவே மூச்சைப் பிடித்துப் பார்த்த அப்பாவுக்கு நர்ஸ் இளைப்பு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "உள்ள இருக்கறவங்களைவிட இவர்தான் பேஷன்ட் மாதிரி இருக்கார்."

சிகிச்சை முழுவதும் அப்படியே நடந்தது. ஒருநாள் திரும்பும் வழியில் மூத்தவள் கேட்டாள்.

"யாருக்காகம்மா கேக்கற?"

"ஒரு மூச்சுக்கு ஒரு ஆள். நாள்தான் பத்தல."

"உனக்காக?"

"எனக்கு எதுக்கு? அதான் நீங்க எல்லாம் வெளிய உக்காந்து கேட்டுட்டு இருக்கீங்களே."

மூத்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மா மறுபடி கண்ணாடிப் பெட்டிக்குப் போனாள். நான்கு ஆண்டுகள் குடைகளையும் பைகளையும் பிள்ளைகளையும் உரியவர்களிடம் சேர்த்தாள். பிறகு நோய் கல்லீரலில் வந்தது. இந்த முறை யாரும் படம் எதுவும் காட்டவில்லை.

கடைசியில் நினைவு தப்பியது. இன்றோ நாளையோ என்றார்கள். அம்மா போகவில்லை. டிரைவர்கள் ஷிப்ட் முடிந்து ஒவ்வொருவராக வந்து கதவோரம் நின்றுவிட்டுப் போனார்கள். டிக்கெட் கவுண்டர் பெண் பள்ளிக்குப் போகும் மகளோடு வந்தாள். அப்பாவும் தம்பியும் கட்டிலின் இரு பக்கமும் நின்று, அம்மாவைப் போலவே வாய்விட்டு வேண்டினார்கள்.

புதிதாக வந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "மத்ததெல்லாம் ஓய்ஞ்சு போச்சு. இதயம் மட்டும் ரொம்ப உறுதியா இருக்கு."

"அதை நாங்க பாத்துப் பாத்துக் காப்பாத்தி வெச்சோம் டாக்டர்" என்றார் அப்பா. அவர் குரலில் பெருமை இருந்தது. அது பெருமைதான் என்று தெரிந்ததும் அழுதார்.

எல்லோரும் நகர்ந்த பிறகு மூத்தவள் குனிந்து அம்மாவின் இடது மார்பில், தழும்பின்மேல் காதை வைத்தாள். சீராக, அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பேருக்காகக் கேட்டுக் கேட்டுக் காத்த இதயம். குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அவள், அம்மா விளக்குக்கு முன் பேசுகிறவரிடம் வாய்விட்டுக் கேட்டாள்.

"போதும். பிடிச்ச மூச்சை விட்டுடச் சொல்லுங்க."

அந்த இதயம் உடனே நிற்கவில்லை. அவள் காதை எடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.